குதிரைக்கு எப்படித் தெரிகிறது?

கீழ்பென்னாத்தூர் வழியே செஞ்சிக்குப் போகிறவர்களுக்குத் தேசிங்கு ராஜன் பெயர் புதிதல்ல. 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட அந்த இளைஞன், யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கியவன் என்கிறது நாட்டார் கதை. குதிரையும் ஆளும் அப்படி ஒன்றிப்போவது எப்படி?

ஈ உட்கார்ந்தால் குதிரை அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும். அத்தனை நுட்பமான உடம்பின் மேல் அமர்ந்து நாம் தொடையை இறுக்கினாலே அதற்குத் தெரிந்துவிடும். வேட்டை விலங்குகளுக்கு அஞ்சியே வாழ்ந்த இனம். நம் பதற்றம் அதையும் உஷாராக்குகிறது. 2009-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ‘இந்தமுறை நீங்கள் கடக்கும்போது குதிரை மிரளும்படி ஒரு குடை விரியும்’ என்று குதிரையில் இருப்பவரிடம் சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் அவருடைய இதயத்துடிப்போடு குதிரையின் துடிப்பும் ஏறியது!

பழக்கும் நுட்பமும் இந்த உணர்வை நம்பியதுதான். காலால் லேசாக அழுத்துகிறோம், குதிரை ஓரடி வைக்கிறது. அந்தக் கணமே அழுத்தம் விலக வேண்டும். அந்த விடுதலைதான் அதற்குப் பாடம். தாமதித்தால் எதற்காக விட்டார்கள் என்று அதற்குப் புரியாது. கடிவாளத்துக்கும் இதே கணக்கு. குதிரை நின்ற பிறகும் வாரை இழுத்துப் பிடித்தால் வாய் மரத்துப்போய், அடுத்தமுறை இன்னும் பலமாக இழுக்க வேண்டிவரும்.