பெயருக்கும் விலையுண்டோ?

சென்ற கிழமை வகுப்பில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்னும் பகுதியை விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, ஓரிடத்தின் பெயரை ஒருவர் தமக்கே உடைமையென்று கொள்ளலாமோ?" என்று மாணவனொருவன் வினவினான். நகைக்க வாயெடுத்த யான், அமெரிக்க வழக்கொன்று நினைவில் எழவே அடங்கினேன்.

கலிபோர்ணியாவிலுள்ள யொசெமிற்றி தேசியப் பூங்கா அரசினர்க்கு உரியது. ஆயின் அங்கு வருவோர்க்கு ஊணும் உறையுளும் அளிப்பது ஒப்பந்தம் பெற்ற தனியார் கம்பனி. அது வருவாயில் ஒரு பங்கை அரசுக்கு இறுக்கும். ஒப்பந்தம் கைமாறுங்கால், புதியவர் பழையவரின் உடைமைகளை விலைகொடுத்து ஏற்றல் வேண்டும். நியாயமான ஏற்பாடே, அஃதின்றேல் காட்டினுள் எவர் முதலிடுவார்?

1899இல் அங்கே சில கூடாரங்கள் அடித்துக் குறைந்த செலவில் விருந்தினரை ஏற்ற டேவிட் கறி, ஜென்னி கறி தம்பதியர் பள்ளி ஆசிரியர்கள். (எம் தொழிலினர் என்பதில் எனக்குச் சிறிது பெருமை, நம் சட்டிக் கறிக்கும் அவர் பெயருக்கும் உறவில்லை.) அவர்தம் கம்பனியின் வழிவந்த நிறுவனத்திடமிருந்து 1993இல் டெலவெயர் நோர்த் கம்பனி பொறுப்பேற்றது. பின்னர் விடுதிப் பெயர்களைத் தன் வணிகக் குறிகளாகப் பதிவுசெய்தது. 2015இல் ஒப்பந்தம் அரமார்க் கம்பனிக்குப் போகவே, பெயர் முதலிய அருவ உடைமைகளுக்கு 5 கோடியே 10 இலட்சம் டொலர் பெறுமதி கூறி வழக்காடியது. அரசினரோ 35 இலட்சமே பெறும் என்றனர்.

அப்பெயர்களுள் ஒன்று 'அவானி'. 1927இல் திறந்த பெருவிடுதியின் பெயர் அது; அதற்கு நெடுங்காலம் முன்னரே பள்ளத்தாக்கின் பெயர். வாய்பிளந்தாற்போன்ற மலையிடுக்கைச் சுட்டி அங்கு வாழ்ந்த பழங்குடியினர் இட்டதென்பர். 1851இல் படையொன்று அவர்களைத் துரத்தியது. ஊரை இழந்தவர்தம் சொல் கம்பனிக் கணக்கேட்டில் உடைமையாகி நின்றது!

2016 மார்ச்சில் அரசினர் பெயர்ப்பலகைகளை மாற்றினர். அவானி 'மஜெஸ்டிக் யொசெமிற்றி ஹோட்டல்' ஆயிற்று. எந்த நகரிலும் ஒட்டக்கூடிய பெயர். 2019 யூலையில் 1 கோடியே 20 இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாயிற்று. அதில் 38 இலட்சத்து 40 ஆயிரத்தை அரசினரும், எஞ்சியதை அரமார்க்கும் இறுத்தனர். பழம்பெயர்கள் மீண்டன, அரமார்க்கின் ஒப்பந்தம் முடியுங்கால் அவை விலையின்றிப் பூங்காத் துறையைச் சேரும்.

இவ்வளவும் கேட்ட மாணவன், "பெயரிட்டவர்க்கு என்ன கிடைத்தது, ஐயா?" என்றான்.

"அவர்கள் அவ்வழக்கில் ஒரு தரப்பினராக இருக்கவில்லை" என்றேன்.

அவன் கொப்பியில் காரணப்பெயர் என்னும் தலைப்பின்கீழ் 'அவானி' என்று எழுதிக்கொண்டான்.