நிறம் வேறு, ரகம் வேறு

க்ரீம் வாங்கும் முன் ஒரு மணி நேரம் காத்திருங்கள்

தில்லியில் ஜனவரி மாதம் சோப்புப் போட்டுக் கழுவிய முகம் பத்தே நிமிடத்தில் இழுத்துப் பிடிக்கிறது. அதே முகம் ஜூலையில் மும்பை மின்சார ரயிலில் எண்ணெய் வழிகிறது. இரண்டுக்கும் ஒரே க்ரீம் ஒத்து வராது. ஆனால் கடையில் பலரும் முதலில் கேட்பது, "சிவப்பாக்கும் க்ரீம் இருக்கிறதா?" என்றுதான்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். நிறத்தைத் தீர்மானிப்பது மெலனின். சருமத்தின் ரகமோ, சுரக்கும் எண்ணெயையும் மேல்தோல் தக்கவைத்துக்கொள்ளும் ஈரத்தையும் பொறுத்தது. கறுத்த முகம் வறண்டிருக்கலாம். வெளுத்த முகத்தில் எண்ணெய் வழியலாம்.

ரகத்தைக் கண்டுபிடிக்க அழகு நிலையம் போக வேண்டியதில்லை. மிதமான சோப்பால் முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுங்கள். எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு டிஷ்யூ காகிதத்தை முகத்தில் அழுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ப் பசைச் சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் ஒட்டினால் இரண்டும் கலந்தது. காகிதம் சுத்தமாக இருந்து முகம் இறுகினால் வறண்டது. இறுக்கமும் பசையும் இல்லையென்றால் இயல்பானது. எதைப் பூசினாலும் எரிகிறதா? எந்த ரகமானாலும் அது 'சென்சிடிவ்' சருமம்.

வறண்ட சருமத்துக்குக் கிளிசரின் கலந்த க்ரீமை, குளித்த ஈரம் காய்வதற்குள் பூச வேண்டும். எண்ணெய்ப் பசை உள்ளவர்களுக்கு ஜெல் போதும். பசை போக அடிக்கடி சோப்புப் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. 'சென்சிடிவ்' சருமத்துக்கு வாசனை சேர்க்காதவையே நல்லது. புதிய க்ரீம் எதையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பருவமும் வயதும் மாறும்போது மறுபடி சோதியுங்கள்.

இதையெல்லாம் விட்டு நிறத்தைத் துரத்துவதில்தான் ஆபத்து. தோழி சொன்னாள் என்று வாங்கும் ட்யூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கலாம். இவை எக்ஸீமா போன்ற நோய்களுக்கான மருந்துகள். முதல் சில வாரங்கள் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து ரத்த நாளங்கள் தெரியும். பருவும் ரோமமும் முளைக்கும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பயந்துபோய் மீண்டும் அதையே பூசுவார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமடைந்த முகம்' என்றே பெயரிட்டிருக்கிறார்கள்.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளுக்கு டாக்டர் சீட்டைக் கட்டாயமாக்கியது. சீட்டுக் கேட்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. 1975-ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயரிலிருந்து வெளுப்பு போயிற்று; மனதிலிருந்து போகவில்லை.

ஏற்கனவே அத்தகைய ட்யூபைப் பூசி வருபவர்கள் தாங்களாகத் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. மற்றவர்களுக்கு, டிஷ்யூ காகிதமும் ஒரு மணி நேரமும் போதும்.