‘ஆன்டி-சோஷியல்’னு சொல்லிக்கிறீங்களா? கொஞ்சம் பொறுங்க... இன்ட்ரோவர்ட் முதல் ஹெர்மிட் வரை என்ன வித்தியாசம்?

கொட்டிவாக்கம் கடற்கரையில் ஒரு ஞாயிறு மாலை. நண்பர்கள் எல்லாம் அலையில் கால் நனைக்க, ஒருவர் மட்டும் தள்ளிப் போய் மணலில் உட்கார்ந்திருப்பார். “அவன் கொஞ்சம் ஆன்டி-சோஷியல் மச்சி” என்று கூட வந்தவர் சொல்வார். இதே வார்த்தையை இன்ஸ்டா பயோவில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. ஆனால் அதற்கு அர்த்தம் அது இல்லை.

‘சமூக விரோதிகள் அட்டகாசம்’ என்று செய்தி படித்திருப்பீர்களே, அந்த சமூக விரோதிதான் ஆன்டி-சோஷியல்! மனநல மருத்துவத்தில் இது இன்னும் கனமான சொல். தொடர்ந்து ஏமாற்றுவது, அடுத்தவர் உரிமையை மிதிப்பது, அதற்காகத் துளியும் வருந்தாதது என்று போகிற ஒரு ஆளுமைக் கோளாறின் பெயரே அதுதான். பாவம், மணலில் உட்கார்ந்திருப்பவர் அப்படி என்ன செய்துவிட்டார்? ஆட்களோடு பழக ஆர்வம் இல்லாதவருக்குச் சரியான சொல் ‘ஏசோஷியல்’.

தனியாகவே இருக்கப் பழகியவர் லோனர். தனிமை வலிக்கிறது என்றால் அது லோன்லி. கல்யாணமாகி, கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்கூட லோன்லியாக இருக்கலாம்.

உலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொள்பவர் ரெக்லூஸ். வங்காள நடிகை சுசித்ரா சென் நல்ல உதாரணம். 1978-க்குப் பிறகு நடிப்பை விட்டவர், 2014-ல் இறக்கும்வரை பொதுவெளியில் கிட்டத்தட்ட தலைகாட்டவே இல்லை. ஹெர்மிட் என்பதும் ஒதுங்கி வாழ்பவர்தான், ஆனால் பெரும்பாலும் ஆன்மிகத் தேடலுக்காக. பாலைவனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. 1896-ல் திருவண்ணாமலைக்கு வந்த ரமண மகரிஷி, விரூபாக்ஷ குகையில் பல ஆண்டுகள் தங்கினார். ஆனால் தேடி வந்தவர்களுக்குக் கதவைச் சாத்தவில்லை. அதனால் அவரை ரெக்லூஸ் என்று சொல்ல முடியாது.

அதிகம் குழப்புவது இன்ட்ரோவர்ட்டும் ஷையும்தான். கல்யாண ரிசப்ஷனில் இரண்டு பேருமே ஓரமாகத்தான் நிற்பார்கள். இன்ட்ரோவர்ட்டுக்குக் கூட்டம் என்றால் பயம் இல்லை, களைப்பு. நாலு பேரிடம் நன்றாகவே பேசுவார், மேடை ஏறச் சொன்னால் ஏறுவார். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தனியாக இருந்தால்தான் சார்ஜ் ஏறும். உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் எழுதிய ‘சைக்கலாஜிக்கல் டைப்ஸ்’ நூலால் பிரபலமான சொல் இது. நோயின் பெயர் இல்லை.

ஷை ஆனவருக்குப் பேச ஆசை இருக்கும், யாராவது வந்து பேச மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே நிற்பார். ஆனால் வாயைத் திறந்தால் தப்பாக நினைத்துவிடுவார்களோ என்று தொண்டை வறண்டுவிடும். இந்தப் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, இன்டர்வியூவைத் தவிர்ப்பது, காலேஜுக்கு மட்டம் போடுவது என்று போனால், அது சோஷியல் ஆங்சைட்டியாக இருக்கலாம். அதற்கு சிகிச்சை இருக்கிறது. பேச்சு சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் நன்றாகவே உதவும். “அவ இன்ட்ரோவர்ட், விட்டுடுங்க” என்று வீட்டில் முடித்துவிட்டால், அந்த உதவி அவருக்குப் போய்ச் சேராது.

வீட்டில் அப்படி யாராவது இருந்தால், “தனியா இருக்கறது உனக்குப் பிடிச்சிருக்கா, இல்ல வெளிய வர பயமா இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். பயம் என்று பதில் வந்தால், மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.