கலைத்துப் போட்ட மூன்று கார்கள்

1908-ஆம் ஆண்டு மார்ச் மாதம். லண்டனுக்கு அருகிலுள்ள புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்று காடிலாக் கார்கள் நின்றன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உருவானவை. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் அவற்றைத் திருகு திருகாகக் கழற்றினார்கள். பாகங்களை ஒன்றாகக் கலந்தார்கள். அதோடு விட்டார்களா? அவற்றில் 89 பாகங்களை அப்புறப்படுத்திவிட்டு, விற்பனையாளரின் கிடங்கிலிருந்த உதிரிப் பாகங்களைச் சேர்த்தார்கள்.

இந்தக் குவியலிலிருந்து மீண்டும் மூன்று கார்களைப் பூட்ட வேண்டும். ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே உண்டு. அரம் கூடாது, சுத்தியல் கூடாது.

அன்றைய வழக்கத்தை அறிந்தால்தான் இதன் அருமை புரியும். அக்காலத்தில் பொருந்தாத பாகத்தை அரத்தால் ராவி, தட்டிக் கொட்டிச் சேர்ப்பார்கள். ஆகவே ஒரு காரின் பாகம், அதே பட்டறையில் செய்த அடுத்த காருக்குச் சேராது. விலையுயர்ந்த கார்களின் கதையும் இதுவே.

ஆனால் மூன்று காடிலாக்குகளும் எழுந்து நின்றன! பல நிறப் பாகங்கள் கலந்ததால், ஒட்டுப்போட்ட சட்டை அணிந்தவை போலத் தோன்றின. ஒவ்வொன்றும் 500 மைல், அதாவது சுமார் 800 கிலோமீட்டர் ஓடியது. டிவார் கோப்பை காடிலாக்குக்குக் கிடைத்தது. இத்தனைக்கும் அவை ஒற்றைச் சிலிண்டர் கொண்ட எளிய கார்கள்தாம். ஆடம்பரக் கார் என்ற புகழுக்கு அடித்தளம் பட்டு மெத்தை அன்று, அளவுகோல்!

அந்த அளவுகோலைப் பிடித்தவர் ஹென்றி லேலண்ட். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொன்றுக்கும் பொருந்த வேண்டும் என்பது அத்தொழிலின் பாடம். 1902-இல் ஹென்றி ஃபோர்டு விலகிச் சென்ற ஒரு கம்பெனியின் இயந்திரங்களை மதிப்பிட்டு விற்க, முதலீட்டாளர்கள் லேலண்டை அழைத்தனர். அவரோ, விற்க வேண்டாம், கார் செய்யலாம் என்றார். டெட்ராய்ட்டை 1701-இல் நிறுவிய காடிலாக்கின் பெயரே கம்பெனிக்குச் சூட்டப்பட்டது.

லேலண்டின் ஆலையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளந்தார்கள். அதற்கு இருமுனை அளவிகள் உதவின. ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். மறு முனை நுழையக் கூடாது. இரண்டும் நுழைந்தால் துளை பெரிது. இரண்டும் நுழையாவிட்டால் சிறிது. எவ்வளவு எளிய சோதனை, பாருங்கள்!

அடுத்த சாதனை 1912-ஆம் ஆண்டுக் கார்களில் வந்தது. அதுவரை காரின் முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றியே எஞ்சினைக் கிளப்பினார்கள். அது சில சமயம் எதிர்த்திசையில் உதைத்துக் கையை முறித்துவிடும். சார்லஸ் கெட்டரிங் என்பவர் இதற்கு மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். சில விநாடிகளே சுழல்வதால், சிறிய மோட்டாரும் அதிகச் சுமையைத் தாங்கும் என்பது அவர் கண்ட சூட்சுமம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும், அதே மோட்டார் டைனமோவாக மாறி பாட்டரிக்கு மின்னேற்றும். டிவார் கோப்பை இரண்டாம் முறையும் வந்தது.

1909-லேயே காடிலாக்கை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியிருந்தது. 1917-இல் லேலண்ட் அங்கிருந்து விலகி, லிங்கன் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அது கடனில் மூழ்கியது. 1922-இல் அதை விலைக்கு வாங்கியவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் விலகிச் சென்ற அதே ஹென்றி ஃபோர்டு!