ஆறு நிமிடம் நாற்பது விநாடி

பேச்சுப் போட்டியில் மணி அடித்த பிறகும் முடிக்கத் தெரியாமல் திணறியவர்கள் நம்மில் பலர் உண்டு. மருத்துவ மாநாடுகளில் பேசும் பெரிய டாக்டர்களுக்கும் இதே தொல்லைதான். அதற்குக் கண்டிப்பான ஒரு மருந்து இருக்கிறது.

இருபது படங்கள்; படம் ஒன்றுக்கு இருபது விநாடி. ஆக 400 விநாடி. படங்கள் தாமாகவே மாறிவிடும். "சற்றுப் பொறுங்கள்" என்றால் கருவி பொறுக்காது! 2003-இல் டோக்கியோவில் க்ளைன், டைதம் என்ற கட்டடக் கலைஞர்கள் இம்முறையைத் தொடங்கி, 'பெச்சா குச்சா' என்று பெயரிட்டனர். ஜப்பானிய மொழியில் அதற்குச் சளசளப்பு என்று பொருள். (நம் காதில் 'பேச்சு' என்றே விழுகிறது!) 2006-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்த 'இக்னைட்' முறையில் படத்துக்குப் பதினைந்தே விநாடி, ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். பின்னர் இவை மருத்துவ மாநாடுகளுக்கும் வந்தன.

அங்கே கேட்பவர்கள் யார்? மறுநாள் வார்டுக்குத் திரும்ப வேண்டிய டாக்டர்களும் நர்சுகளும். கேட்டதில் ஒன்றாவது நோயாளியின் கட்டில்வரை போய்ச் சேர வேண்டாமா?

வியன்னா நகர டாக்டர் செம்மல்வைஸை எண்ணிப் பாருங்கள். 1847 ஏப்ரலில் அவருடைய பிரசவப் பிரிவில் நூறு தாய்மாருக்குப் பதினெட்டுப் பேர் இறந்தனர். பிணத்தை அறுத்துப் படித்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் என்று அவர் உணர்ந்தார். மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். ஜூனில் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. ஆனால் இதை அவர் விரிவான நூலாக வெளியிட்டது 1861-இல்தான்; அதுவும் ஐந்நூறு பக்கங்களுக்கு மேல்! பலர் அவரை ஏற்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஏப்ரல் கணக்கு ஒரு படம், கை கழுவும் தொட்டி ஒரு படம், ஜூன் கணக்கு ஒரு படம் என்று காட்டினால், செய்தி ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் இம்முறை பொருந்தாது. மருந்தின் அளவையும் பக்க விளைவுகளையும் இருபது விநாடியில் சொல்வது ஆபத்து. அவை நீண்ட கட்டுரைக்கே உரியவை.

ஒரு படத்துக்கு நிதானமாகச் சொல்லக்கூடியது இரண்டு மூன்று வாக்கியங்களே. வீட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். படம் பதினைந்தாவதுக்கு ஓடியிருக்கும். வாய் ஒன்பதாவதிலேயே நிற்கும். அப்போது வேகமாகப் பேசிப் பயனில்லை. பென்சிலை எடுத்து, ஒன்பதாவதில் இரண்டு வாக்கியங்களை அடித்துவிட வேண்டும்.