அனுமதி கிடைக்காத பாட்டுகள்

திருச்சியில் பிஷப் ஹீபர் என்றால் கல்லூரிதான். வயலூர் ரோடு பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், கண்டக்டர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு கவிஞர் என்பதும், கன்டோன்மென்ட்டில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறார் என்பதும் ஆலயத்துக்குப் போகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

நான் சி.எஸ்.ஐ. ஆலயம் ஒன்றில் ஆர்கன் வாசிக்கிறவன். திரித்துவ ஞாயிறு வந்தால் ஹீபர் எழுதிய 'ஹோலி, ஹோலி, ஹோலி'யைப் 'பாமாலை' பாட்டுப் புத்தகத்திலிருந்து தமிழில் பாடுவோம். கொயரில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், "இதெல்லாம் இங்கிலீஷ் சர்ச் கொடுத்த பாட்டுதானே சார்?" என்பார்கள். அங்கேதான் எனக்கு வழக்கு. இங்கிலாந்துத் திருச்சபை இந்தப் பாட்டுகளை யாருக்கும் மனமுவந்து கொடுத்துவிடவில்லை. ஊர்ப்புறத்துக் குருமார் எழுதினார்கள், மெட்டுப் போட்டார்கள். சபையார் பாடிப் பழகிய பிறகுதான் மேலிடத்துக்கு மனசு இறங்கியது.

ஹீபர் காலத்தில் இங்கிலாந்து ஆலயங்களில் பாடியது தாவீதின் சங்கீதங்களை, யாப்பில் அடக்கி எழுதிய வடிவத்தில். மனிதர் தம் சொந்த வார்த்தையில் எழுதிய ஞானப்பாட்டு என்றால் அது மெதடிஸ்டுக்காரர் சமாசாரம், ஐசக் வாட்ஸைப் போலத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்கள் சமாசாரம் என்று முகம் சுளிப்பார்கள். ஷெஃபீல்டு நகரத்தில் காட்டரில் என்ற குரு தாம் தொகுத்த பாட்டுப் புத்தகத்தை ஆலயத்தில் புகுத்தப்போய், அவருடைய சபையாரே அவரைத் திருச்சபை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 1820-இல் யார்க் தலைமைப் பேராயர் நடுவில் புகுந்து சமரசம் செய்து வைத்தார்.

அதே 1820-இல்தான் ஹீபர் தம் பாட்டுத் தொகுப்புக்கு அனுமதி கேட்டார். 1783-இல் செஷயர் மாகாணத்து மால்பஸில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது, 1803-இல், 'பாலஸ்தீன்' என்ற கவிதைக்குப் பரிசு வாங்கினார். வால்டர் ஸ்காட் அதை வாசிக்கக் கேட்டு, சாலொமோனின் ஆலயம் கருவிகளின் சத்தம் கேளாமல் கட்டப்பட்டதை விட்டுவிட்டீரே என்றாராம். ஹீபர் அங்கேயே அதைச் சேர்த்து எழுதினார். 1807 முதல் ஷ்ராப்ஷயரில் ஹாட்நெட் என்ற கிராமத்தில் குரு. திருச்சபை ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் பண்டிகைக்கும், அன்றைய வேதபாடத்துக்கு ஏற்ற பாட்டு வேண்டும் என்பது அவர் எண்ணம். பிரசங்கத்துக்கு முன்னால் பாட வேண்டியது அது. தாமும் எழுதினார், மில்மன் போன்ற நண்பர்களிடமும் வாங்கினார். லண்டன் பேராயர் ஹவ்லிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் திருச்சபையின் முத்திரை கிடைக்கவில்லை; உம்முடைய பெயரில் வெளியிட்டுக்கொள்ளும் என்ற யோசனைதான் கிடைத்தது.

அவர் எழுதும் வேகத்துக்கு ரெக்ஸம் ஊர்க் கதையைச் சொல்வார்கள். 1819, பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு முந்தின நாள். மாமனார் ஷிப்லி மறுநாள் மிஷன் ஊழியத்துக்காகக் காணிக்கைப் பிரசங்கம் செய்ய வேண்டும். "காலையில் பாட ஏதாவது எழுதிக் கொடுங்கள்" என்றார். ஹீபர் அறையின் ஒரு மூலைக்குப் போய், அப்போது எல்லார் வாயிலும் இருந்த ஒரு நாட்டுப்பாட்டு மெட்டை மனதில் வைத்துக்கொண்டு, சுமார் இருபது நிமிடத்தில் முடித்தார். அதுதான் கிரீன்லாந்தின் பனிமலையில் தொடங்கும் மிஷனரிப் பாட்டு. இலங்கையைப் பற்றி அதில் ஒரு வரி வருகிறது. இயற்கையை மெச்சிவிட்டு மனிதரை இழிவாகச் சொல்லும் வரி. எழுதியபோது ஹீபர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. காலி, கொழும்பு, கண்டி என்று சுற்றிப் பார்த்தது 1825-இல். அதற்கும் நூறு வருடம் கழித்து, கல்கத்தாவில் மிஷனரிகள் கூடியிருந்த இடத்தில், அந்த வரி தம்மை எப்போதும் குத்தியிருக்கிறது என்று காந்தி சொன்னார். இந்தப் பாட்டை நான் வாசிப்பதில்லை. வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

1823-இல் கல்கத்தாப் பேராயர் பதவி வந்தது. முதலில் மறுத்துவிட்டு, பிறகு மனம் கேளாமல் ஏற்றார். அந்த மறைமாவட்டத்தின் எல்லையைக் கேட்டால் சிரிப்பு வரும்: இந்தியா முழுவதும், இலங்கை, போதாததற்கு ஆஸ்திரேலியா. ஒரே பேராயர். வந்த அடுத்த வருடமே, மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த தமிழரான கிறிஸ்தியான் தாவீதுக்குக் கல்கத்தாவில் குருப்பட்டம் கொடுத்தார். பிறகு வட இந்தியா நெடுக நீண்ட பயணம். 1826-இல் சென்னை வழியாகத் தஞ்சாவூர். மார்ச் 26 ஈஸ்டர் அன்று, தமிழ் ஆராதனையின் முடிவில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். இரண்டாம் சரபோஜி மன்னரைப் பார்த்து மலைத்துப்போனார். லவாசியே, லின்னேயஸ் என்று ஐரோப்பிய விஞ்ஞானிகளின் பெயர்கள் மன்னர் வாயில் சரளமாக வந்ததைக் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். தஞ்சைக் கிறிஸ்தவர்களுக்குள் சாதியால் எழுந்த பிளவு குறித்தும் அப்போது விசாரித்தார். அவர் வெயிலில் அலைந்த அளவைப் பார்த்தால், அதைத் தீர்க்க அவகாசம் இருந்திருந்தாலும் உடம்பு இடம் கொடுத்திருக்காது.

அங்கிருந்து திருச்சி. ஏப்ரல் 3, திங்கட்கிழமை விடிகாலை. கோட்டைக்குள் ஷ்வார்ட்ஸ் கட்டிய ஆலயத்தில் தமிழ் சபையாருக்குத் திடப்படுத்தல் நடத்தினார். தங்கியிருந்த நீதிபதியின் பங்களாவுக்குத் திரும்பி, குளிர்ந்த நீர்த் தொட்டியில் குளிக்க இறங்கினார். நேரமாகியும் வெளியே வராததால் வேலையாள் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை. நாற்பத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. மறுநாள் செயின்ட் ஜான்ஸில் அடக்கம்.

அவர் அனுமதி கேட்டுக் காத்திருந்த பாட்டுகளை அடுத்த வருடமே, 1827-இல், அவருடைய மனைவி அமேலியா புத்தகமாக வெளியிட்டார். கணவன் பேராயராகவே இறந்துபோன பிறகு, யார் முத்திரை வேண்டும்?

ஆனாலும் 'ஹோலி, ஹோலி, ஹோலி' அப்போது இன்றுபோல் ஊரெங்கும் ஒலிக்கவில்லை. காரணம் அதன் யாப்பு. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலும் வார்த்தை மட்டும் இருக்கும். மெட்டு தனிப் புத்தகம். ஒரு வரியில் எட்டு அசை, அடுத்த வரியில் ஆறு என்று அளவு பொருந்தினால், எந்த மெட்டிலும் எந்தப் பாட்டையும் பாடலாம். அதனால்தான் மெட்டுகளுக்கு என்று தனிப் பெயர்கள் உண்டு. ஹீபரின் வரிகளோ 11, 12, 12, 10 என்று ஓடுகின்றன. புழக்கத்தில் இருந்த மெட்டுகளில் உட்கார மறுக்கும் அளவு.

அதற்கென்றே ஒரு மெட்டு போட்டவர் ஜான் பேக்கஸ் டைக்ஸ். ஹீபர் திருச்சியில் இறந்தபோது அவர் ஹல் துறைமுகத்தில் மூன்று வயதுக் குழந்தை. தாத்தா அங்கே ஒரு ஆலயத்தின் குரு. சிறு பையனாகவே அங்கே ஆர்கன் வாசித்தார். கேம்பிரிட்ஜில் இசைச் சங்கத்தில் முன்னின்றார். அதே சங்கத்தில் ஹார்ன் ஊதியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் விஞ்ஞானி கெல்வின் பிரபு. 1849-இல் டைக்ஸ் டர்ஹாம் பேராலயத்தில் பாடல் ஒழுங்குக்குப் பொறுப்பான குருவானார். 1860-இல் லண்டனில் ஒரு புதிய பாட்டுப் புத்தகம் தயாராகிறது என்று தெரிந்து, யாரும் கேட்காமலே, இசைப் பதிப்பாசிரியர் மாங்க்குக்குச் சில மெட்டுகளை அனுப்பி வைத்தார். 1861-இல் வந்த அந்த 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' புத்தகத்தில் அவருடைய மெட்டுகள் ஏழு. அந்தப் புத்தகமும் திருச்சபை அதிகாரபூர்வமாக வெளியிட்டதல்ல; சில குருமார் சேர்ந்து போட்டது. வார்த்தையும் மெட்டும் ஒரே பக்கத்தில் இருந்ததால் கோடிக்கணக்கில் விற்றது.

ஹீபர் பாட்டுக்கான மெட்டுக்கு அவர் வைத்த பெயர் 'நைசியா'. திரித்துவக் கோட்பாட்டை 325-இல் விவாதித்த திருச்சபைச் சங்கம் கூடிய ஊர். மெட்டும் அதையே சொல்கிறது. நம் கணக்கில் சங்கராபரண ஸ்வரங்கள். முதல் 'ஹோலி'க்கு ச ச, இரண்டாவதுக்கு க க, மூன்றாவதுக்கு ப ப. மூன்று அழைப்பு, மூன்று படி. இசை தெரியாத கிழவிகூட மூன்றாவது படியில் தானாகவே தலையை நிமிர்த்துவார். ஆர்கன் மேல் இருக்கும் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். கடற்பயணிகளுக்கான பாட்டுக்கு அவர் போட்ட 'மெலிட்டா'வும் அப்படித்தான். பவுல் கப்பற்சேதத்தில் ஒதுங்கிய மால்டா தீவின் பெயர் அது, அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக அலை எழுவது போல ஏறும். நியூமன் எழுதிய 'லீட், கைன்ட்லி லைட்'டுக்கும் டைக்ஸ் மெட்டுப் போட்டார். அந்தப் பாட்டு பரவியதற்கு டைக்ஸின் மெட்டே காரணம் என்று நியூமனே சொன்னதாக ஒரு பதிவு உண்டு. ஹீபரின் வரியால் புண்பட்ட காந்திக்கு மிகவும் பிடித்த கிறிஸ்தவப் பாட்டுகளில் அதுவும் ஒன்று.

மெட்டால் பெயர் வந்ததே ஒழிய, மனிதருக்கு நிம்மதி வரவில்லை. 1862-இல் டர்ஹாமிலேயே செயின்ட் ஆஸ்வால்ட்ஸ் ஆலயத்தின் குருவானார். பெரிய சபை, உதவிக் குரு இல்லாமல் முடியாது. 1873-இல் பேராயர் சார்ல்ஸ் பாரிங், கலர் ஸ்டோல் என்னும் தோள் துண்டு போடுவதில்லை, தூபம் காட்டுவதில்லை, திருவிருந்தில் மேசையைப் பார்த்துத் திரும்பி நிற்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் உதவிக் குருவுக்கு உரிமம் என்றார். டைக்ஸ் எழுதிக் கொடுக்க மறுத்து நீதிமன்றம் போனார். 1874 ஜனவரியில் தோற்றார். அப்புறம் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு, நோயாளி வீடு எல்லாம் பெரும்பாலும் ஒற்றை ஆளாக. உடம்பும் மனமும் உடைந்து, 1876 ஜனவரி 22 அன்று 52 வயதில் இறந்தார். ஸ்டோலின் நிறத்துக்காக ஒரு நல்ல இசைக்காரரைச் சாகடித்தார்கள் என்று நான் சொன்னால் எங்கள் ஐயர், "நிறம் இல்லை தம்பி, கொள்கை" என்பார். இருக்கலாம். குடும்பத்துக்காக நிதி திரட்டியபோது பத்தாயிரம் பவுனுக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் அவர் மெட்டுகளைப் பாடியவர்கள்.

பின்னால் வந்த இசை விற்பன்னர்களுக்கு டைக்ஸ் பிடிக்கவில்லை. தேன் அதிகம், கண்ணீர் அதிகம் என்றார்கள். ஓரளவு நியாயம்தான், சில மெட்டுகளில் பேஸ் ஒரே ஸ்வரத்தில் நிற்க, மேலே மூன்று குரல்களும் உருகிக்கொண்டிருக்கும், வாசிக்கிற எனக்கே சலிக்கும். 1906-இல் 'இங்கிலீஷ் ஹிம்னல்' புத்தகத்துக்கு இசை தொகுத்த வாகன் வில்லியம்ஸ், விக்டோரியா கால மெட்டுகள் பலவற்றைக் கழித்துக்கட்டினார். விடமுடியாத சிலவற்றைப் பின்னிணைப்பில் ஒதுக்கினார். ஹீபரின் திரித்துவப் பாட்டையோ புத்தகத்தின் உள்ளேயே, 162-ஆம் எண்ணில், 'நைசியா' மெட்டோடு அச்சிட்டார்.