மது விடுதிகளில் வன்முறை: உரிமத்தை மறுஆய்வு செய்வது யார்?

புது தில்லி: குதுப் மினாருக்கு அருகே மெஹ்ரோலி பகுதியில், பழைய மாளிகை ஒன்றில் இயங்கி வந்தது அந்த உணவு விடுதி. 1999 ஏப்ரல் 29, வியாழக்கிழமை இரவு அங்கு நடைபெற்ற விருந்தில் தலைநகரின் செல்வந்தர்களும் பிரபலங்களும் திரண்டிருந்தனர். நள்ளிரவைக் கடந்ததும் மது வழங்குவது நிறுத்தப்பட்டது. அதன் பிறகு நண்பர்களுடன் வந்து மது கேட்டார் ஓர் இளைஞர். அன்றைய விருந்தில் மது பரிமாறும் பணியில் இருந்த ஜெசிகா லால் இல்லை என்று மறுத்தார். கைத்துப்பாக்கி வெடித்தது. ஜெசிகா உயிரிழந்தார்.

அதன் பின்னர் நடந்தவை நாடறிந்தவை. ஹரியாணா அரசியல்வாதி வினோத் சர்மாவின் மகன் மனு சர்மா உள்ளிட்ட ஒன்பது பேரையும் 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி வீதிக்கு வந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2020 ஜூனில் தண்டனைக் காலம் முடியும் முன்பே அவர் விடுதலையானார்.

ஆனால், அந்த இரவைப் பற்றிய மற்றோர் உண்மை காலப்போக்கில் பேச்சில் இருந்து மறைந்துவிட்டது. மது ஆறாக ஓடிய அந்த விடுதிக்கு மது வழங்குவதற்கான உரிமமே கிடையாது. பெரிய மனிதர்கள் வந்துபோன இடம் அது. மறைவான சந்து ஒன்றில் நடந்த கள்ளச் சாராய வியாபாரம் அல்ல. ஒரு பெண்ணின் உயிர் போன பிறகே உரிமம் இல்லாதது பெரிதாகத் தெரிந்தது. உரிமையாளர்கள் மீது கலால் சட்டப்படி தனி வழக்கும் பதிவானது.

மது விடுதியில் வன்முறை நிகழும்போதெல்லாம், அதன் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும் என்ற குரல் எழுகிறது. ஆனால், அதை யார் செய்ய வேண்டும், எந்த அடிப்படையில் செய்ய வேண்டும், எத்தனை நாள்களுக்குள் செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான விடை இல்லை.

உரிமம் உரிமையல்ல

சட்டத்தைப் பொருத்தவரை அரசின் கை வலுவாகவே உள்ளது. மதுபானத் தயாரிப்பும் விற்பனையும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் எட்டாவது இனமாக இடம்பெற்றுள்ளன. மது வணிகம் செய்வது குடிமக்களின் அடிப்படை உரிமை ஆகாது என்பதை, கர்நாடக அரசுக்கு எதிராக கோடே மதுபான ஆலை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அனுமதி தருவதும் மறுப்பதும் நிபந்தனை விதிப்பதும் அரசின் அதிகாரம்.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தமிழகத்தில் இருந்து சென்ற வழக்கே சான்று. தமிழக அரசுக்கும் பாட்டாளி மக்கள் கட்சியைச் சேர்ந்த வழக்கறிஞர் கே. பாலுவுக்கும் இடையிலான வழக்கில், நெடுஞ்சாலைகளில் இருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரல் முதல் நாடெங்கும் கடைகளும் விடுதிகளும் மூடப்பட்டன. சிற்றூர்களுக்கும் நகராட்சிப் பகுதிகளுக்கும் பின்னர் விலக்கு கிடைத்தது என்றாலும், மனித உயிரைக் காரணம் காட்டி மது உரிமத்தை நிறுத்த முடியும் என்பது நிரூபணமானது.

மாநிலங்களின் கலால் சட்டங்களிலும் இதற்கு வழி உண்டு. குடிவெறிக் கூச்சல், கலகம், சூதாட்டம் ஆகியவற்றுக்கு உரிமதாரர் இடம் தரக் கூடாது என்ற விதி பல மாநிலங்களில் உள்ளது. பொது அமைதியைக் காக்க மதுக்கடையை மூடும்படி எழுத்துமூலம் உத்தரவிட மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு கர்நாடக கலால் சட்டம் அதிகாரம் அளிக்கிறது. நிபந்தனையை மீறினால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம்.

இருப்பினும், கலால் துறை அடிப்படையில் வருவாய்த் துறை. சரக்கு இருப்பு சரியா, தீர்வை செலுத்தப்பட்டதா, வெளிமாநில மது விற்கப்படுகிறதா, குறித்த நேரத்தில் கடை மூடப்பட்டதா என்பவையே அதன் அன்றாடக் கேள்விகள். சரக்கு மற்றும் சேவை வரி 2017-ல் நடைமுறைக்கு வந்த பிறகும் மது அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. மாநிலங்கள் தாமாகவே விகிதம் நிர்ணயிக்கக்கூடிய மிகச் சில வரிகளில் மதுத் தீர்வையும் ஒன்று. ஆகவே, உரிமத்தை ரத்து செய்வது என்பது மாநில அரசுக்குத் தன் வருவாயைத் தானே குறைத்துக்கொள்ளும் செயலாகவும் ஆகிவிடுகிறது.

தில்லியின் 2021-22 மதுக் கொள்கை எழுப்பிய அரசியல் புயல் இதற்கு உதாரணம். உரிமக் கட்டணம், மொத்த விற்பனையாளர் லாபம், முறைகேடு ஆகியவை பற்றி மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. 2022 செப்டம்பரில் பழைய முறையே திரும்பியது. விடுதிக்குள் இருப்பவர்களின் பாதுகாப்பு அந்த விவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை.

ஒரு விடுதி, மூன்று அதிகாரங்கள்

தலைநகரில் சிக்கல் இன்னும் கூடுதல். காவல் துறை மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. கலால் துறையோ தில்லி அரசின் வசம் உள்ளது. விடுதியில் நடக்கும் அடிதடியை முதலில் அறிவது காவல் நிலையம். ஆனால், மது உரிமத்தில் கைவைக்கும் அதிகாரம் மற்றோர் அரசின் மற்றொரு துறையிடம் இருக்கிறது.

உணவு விடுதிகளுக்கும் இரவு நடன விடுதிகளுக்கும் தனியாக உரிமம் வழங்கும் பொறுப்பு நீண்ட காலமாக தில்லி காவல் துறையிடம் இருந்து வந்தது. மது உரிமம் வேறு துறையிடம் இருந்தாலும், தொல்லை தரும் விடுதியைக் கட்டுப்படுத்தக் காவல் துறைக்கு அது ஒரு பிடியாக இருந்தது. தொழில் தொடங்குவதை எளிதாக்கவும், காவலர்களை அவர்களது முதன்மைப் பணிக்கு விடுவிக்கவும் எனக் கூறி, 2025 ஜூனில் துணைநிலை ஆளுநரின் உத்தரவு மூலம் ஏழு வகைத் தொழில்களுக்கான உரிம அதிகாரம் காவல் துறையிடம் இருந்து உள்ளாட்சி அமைப்புகளுக்கு மாற்றப்பட்டது. உணவு விடுதிகளும் நடன விடுதிகளும் அவற்றில் அடங்கும்.

பல துறைகளின் வாசலில் காத்துக்கிடந்த வணிகர்கள் இதை வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் கட்டடம் உள்ளாட்சியிடம், மது கலால் துறையிடம், குற்றம் காவல் துறையிடம் எனப் பொறுப்பு மூன்றாகப் பிரிந்துள்ளது. ஒரு விடுதியில் மூன்று முறை கத்திக்குத்து நடந்தால், அதை ஒரே கோப்பில் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாகியுள்ளது.

மங்களூர் தந்த பாடம்

வன்முறை நடந்த விடுதி என்றாலே குற்றவாளி விடுதிதான் என்றும் கருதிவிட முடியாது. 2009 ஜனவரி 24-ல் மங்களூரில் 'பப்' ஒன்றுக்குள் புகுந்த ஸ்ரீராம சேனை அமைப்பினர் அங்கிருந்த இளம்பெண்களை அடித்து விரட்டிய காட்சிகள் தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகி நாட்டை அதிர வைத்தன. விசாரணைக்குச் சென்ற தேசிய மகளிர் ஆணைய உறுப்பினர் ஒருவர், விடுதியில் போதிய பாதுகாப்பு இல்லை எனக் குறை கூறியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

அப்போது தில்லியிலும் விவாதம் திசை மாறியது. பாதுகாப்பு பற்றிய பேச்சு கலாசாரம் பற்றிய பேச்சானது. 'பப்' கலாசாரம் இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்றும், தேசிய அளவில் மதுக் கொள்கை தேவை என்றும் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ் கூறினார். கர்நாடகத்தில் அன்று ஆட்சியில் இருந்த பாஜக முதல்வர் எடியூரப்பாவும், ராஜஸ்தானின் காங்கிரஸ் முதல்வர் அசோக் கெலாட்டும் ஏறத்தாழ ஒரே குரலில் பேசினர். குற்றம்சாட்டப்பட்டவர்கள் 2018 மார்ச்சில் விடுவிக்கப்பட்டனர்.

தாக்கப்பட்ட இடத்தின் உரிமத்தைப் பறித்தால், தாக்கியவர்கள் விரும்பியதை அரசே நிறைவேற்றிக் கொடுத்ததாக ஆகிவிடும். எனவே மறுஆய்வில் எழுப்ப வேண்டிய கேள்வி, அங்கு வருபவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதல்ல. நிகழ்ந்ததைத் தடுக்க விடுதியால் முடிந்திருக்குமா, தடுக்க முயன்றதா, உடனே காவல் துறைக்குத் தகவல் தந்ததா என்பதே.

வேலை செய்பவருக்கே கட்டுப்பாடு

இந்த வேறுபாடு மறக்கப்பட்டால் சுமை யார் தலையில் விழும் என்பதை தில்லியை ஒட்டியுள்ள குர்கான் (இப்போது குருகிராம்) 2012-ல் காட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில், மது விடுதியில் பணிபுரிந்த பெண் ஒருவர் வேலை முடிந்து திரும்பும்போது கடத்தப்பட்டுக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். இதையடுத்து மாவட்ட நிர்வாகம், இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களை வேலையில் வைத்திருக்கும் நிறுவனங்கள் தொழிலாளர் துறையின் அனுமதியைப் பெற வேண்டும் என வலியுறுத்தியது. பாதுகாப்பு தர முடியாததற்குப் பெண்களின் வேலைக்குத் தடையா என மகளிர் அமைப்புகள் கொதித்தெழுந்தன.

ஜெசிகாவும் அன்றிரவு விருந்தினராக அல்ல, மது பரிமாறுபவராகவே நின்றிருந்தார். நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லும் ஊழியர்தான் போதை ஏறியவரின் கோபத்தை முதலில் சந்திக்கிறார். உரிமத்தின் நிபந்தனைகளை நடைமுறையில் அமல்படுத்துபவர் கலால் ஆய்வாளர் அல்ல, அந்த ஊழியரே.

பிரிட்டன் வழி

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த உரிமச் சட்டம் இதை வேறு விதமாக அணுகுகிறது. குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுத்தல், பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தவிர்த்தல், குழந்தைகளைக் காத்தல் ஆகிய நான்குமே அங்கு உரிமத்தின் நோக்கங்கள். வரி வருவாய் அதில் இல்லை. காவல் துறை மட்டுமன்றி, பாதிக்கப்படும் குடியிருப்பாளரும் மறுஆய்வு கோரி உள்ளூர் நிர்வாகத்திடம் மனு செய்யலாம்.

கடும் குற்றம் நிகழ்ந்ததாகக் காவல் துறை உயரதிகாரி சான்றளித்தால், 48 மணி நேரத்துக்குள் இடைக்கால நடவடிக்கை குறித்து முடிவெடுக்க வேண்டும். 28 நாள்களுக்குள் முழு விசாரணை நடைபெற வேண்டும். நேரத்தைக் குறைக்கலாம், பொறுப்பாளரை நீக்கலாம், மூன்று மாதம் வரை உரிமத்தை நிறுத்தி வைக்கலாம். ரத்து என்பது இறுதிப் படி. உரிமதாரர் தன் தரப்பைக் கூறவும், நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

இந்தியாவில் மதுவும் காவலும் மாநில விவகாரங்கள் என்பதால், நாடு முழுவதற்கும் இத்தகைய சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நேரடியாக இயற்றிவிட முடியாது. ஆனால், ஒவ்வொரு மாநிலமும் தன் கலால் விதிகளில் இதைச் சேர்க்கத் தடை ஏதுமில்லை.

கோபம் தணிந்த பின்

இப்போது நடவடிக்கையின் வேகத்தை நிர்ணயிப்பது மக்களின் கோபமே. புணேயில் 2024 மே 19 அதிகாலையில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் பலியாயினர். அந்தச் சிறுவனுக்கு மது வழங்கியதாகக் கூறப்பட்ட இரு விடுதிகளுக்கு ஒரு சில நாள்களில் 'சீல்' வைக்கப்பட்டது. நாடே கொந்தளித்திருந்த நேரம் அது. கொந்தளிப்பு இல்லாத ஊர்களில், பெயர் வெளிவராத ஊழியர் தாக்கப்படும்போது அதே வேகம் இருக்குமா என்பதற்கு உறுதி இல்லை.

விடுதியில் நிகழும் ஒவ்வொரு வன்முறை குறித்தும் காவல் நிலையம் கலால் துறைக்கு எழுத்துமூலம் தகவல் தர வேண்டும். குறித்த நாள்களுக்குள் உரிமதாரர், ஊழியர், அக்கம்பக்கத்தார் ஆகியோரைக் கேட்டு உரிமம் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். முடிவு காரணங்களுடன் வெளியிடப்பட வேண்டும். பெரிய சட்டத் திருத்தம் தேவைப்படாத, விதிகளின் அளவிலேயே செய்யக்கூடிய ஏற்பாடுகள் இவை.

ஜெசிகா லாலைக் கொன்றவருக்குத் தண்டனை கிடைக்க ஏழரை ஆண்டுகள் ஆயின. உரிமமே இல்லாத ஓர் இடத்தில் அவர் அன்றிரவு மது பரிமாறும்படி நேர்ந்தது எப்படி என்று உரிய நேரத்தில் யாரேனும் கேட்டிருந்தால், அந்த வழக்குக்கே தேவை எழுந்திருக்காது.